புள்ளி விழாத எழுத்து

அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த பாயை எடுத்துக்கொண்டு பத்தமடைக்கு பஸ் ஏறினேன். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில் இருக்கிறது ஊர்.

பாயை யாரும் மடிக்க மாட்டார்கள், சுருட்டித்தான் வைப்பார்கள். பத்தமடைப் பட்டுப் பாயை மட்டும் துணி மாதிரி மடிக்கலாம். 1983-இல் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தபோது தாத்தா நெய்யச் சொல்லி வாங்கியது இது. நடுவில் இருவர் பெயரும் அதன் கீழே கல்யாணத் தேதியும் சிவப்பில் இருக்கும். வளைகாப்புக்கு அம்மா உட்கார்ந்ததும், பேர் வைக்கிற அன்று என்னைக் கிடத்தியதும் இதில்தான். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஓரத்தில் நூல் முடிச்சு அவிழ்ந்து கோரை கழன்று வரவும் மனசு பதறிவிட்டது.

பத்தமடையில் பாய் நெசவு லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில். தறியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் போன வீட்டில், தரையோடு தரையாக விரித்த பாவின் முன்னால் அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். பக்கத்தில் அவருடைய மருமகள். மருமகள் நீளக் குச்சியில் கோரையைக் கோத்து நூல்களுக்கு இடையே செலுத்த, மாமியார் அச்சை இழுத்து அடித்தார். ஒரு கோரை உள்ளே போனது. நூல் பருமன்கூட இல்லை அது.

“உக்காரும்மா. இந்த வரி முடியட்டும்” என்றார்.

தாமிரபரணிப் பக்கத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைக்கிறார்கள். சாதாரணப் பாய்க்கு அதுவே போதும். பட்டுப் பாய்க்கு வேண்டிய கோரையை மறுபடி ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறி உப்பிய கோரையைக் காயவைத்து, இன்னும் மெல்லியதாக வகிர்ந்து எடுக்கிறார்கள்.  பட்டு என்பது பாயின் வழவழப்பால் வந்த பெயர், பாவுக்குப் போவது பெரும்பாலும் பருத்தி நூல்தான். முன்பெல்லாம் சிவப்புச் சாயத்தைச் சப்பங்கட்டையிலிருந்து காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் ஒரு பட்டுப் பாயை முடிக்க வாரக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். அந்த அம்மா எழுந்து நின்றபோது இடுப்பு நிமிரச் சற்று நேரம் பிடித்தது.

என் பாயை விரித்தேன். அவர் கண்ணால் பார்க்குமுன் உள்ளங்கையால் தடவினார். விரல் அம்மாவின் பெயர்மேல் வந்து நின்றது.

“புள்ளி விழல பாத்தியா?”

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அம்மா பெயரின் நடுவே ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. அப்பா அதை அப்படியே வாசித்து அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா சிரித்துக்கொண்டே வருவார்.

“கோடு எளிசும்மா. நூலை எண்ணிச் சாயக் கோரையை விட்டுட்டே போவலாம். புள்ளிதான் கஷ்டம். கொஞ்சம் கூடுனா அப்பிக்கிடும், குறைஞ்சா காணாமப் போயிரும். பாவம், ராத்திரி வெளக்கு வெளிச்சத்துல நெஞ்சாளோ என்னவோ.”

அந்த நிமிஷம்வரை அந்தப் பாயில் எனக்கு அம்மாவும் அப்பாவும் மட்டுமே தெரிந்தார்கள். அவர்கள் பெயர்களை எண்ணி எண்ணி நெய்தவள் ஒருத்தி உண்டு என்று நாற்பது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. அவள் பெயர் பாயில் எங்கும் இல்லை. விழாமல் போன அந்தப் புள்ளி ஒன்றுதான் அவள் கை.

“இப்ப வைக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“நெய்யும்போதே விழணும். விழாதது விழாததுதான்” என்றவர், அவிழ்ந்த நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து முடியத் தொடங்கினார். மிஞ்சிய கோரை நுனியைச் சிறு கத்தியால் நறுக்கினார். கத்தியின் மரப்பிடி ஓரிடத்தில் குழிந்திருந்தது.

“எங்க உம்மா கத்தி. இந்தக் குழி அவங்க பெருவிரல் பட்டது. என் விரலு அதுல சரியா உக்காந்துக்கிடும்” என்று பிடித்துக் காட்டினார்.

“தினமும் இதுலதான் கோரை வகிருவீங்களா?”

“பொறவு? எடுத்து வச்சா துருப் புடிக்கும்லா.”

முடிச்சுக்குக் காசு வாங்க மறுத்தார். நான் ஒரு சின்னப் பாய் நெய்யச் சொல்லி முன்பணம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்தவர், “ஒரே மடிப்புல போட்டு வைக்காத. கோரை ஒடிஞ்சிரும். விரிச்சு உக்காருங்க” என்றார்.

அன்று இரவு கூடத்தில் பாயை விரித்தேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பெயர்களை மிதிக்காமல் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, புள்ளி இல்லாமலே அம்மாவின் பெயரை ஒருமுறை வாசித்தார்.