செல்ஃப் எடுக்கல

எங்க அப்பா ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டி, டீசல், பத்து வருஷப் பழசு. அந்த வண்டி ஓடினால்தான் எனக்கு செமஸ்டர் ஃபீஸ். நான் படிப்பது மெக்கானிக்கல். "பையன் இன்ஜினியரிங் படிக்கான்ல, அவன்கிட்ட காட்ட வேண்டியதுதானே?" என்று ஸ்டாண்டில் எல்லாரும் அப்பாவைக் கேட்ட ஒரு லீவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஏப்ரலில் அப்பா ஃபோன் பண்ணினார். "தம்பி, வண்டி சில நேரம் செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுடா. சாவியத் திருப்புனா டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்புனா எடுத்துருது."

"பேட்டரி வீக்கா இருக்கும்ப்பா."

"லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது."

நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. மெஸ் லைனில் நின்றுகொண்டே சொன்ன பதில் அது. அப்பா அதை நம்பி, ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது பேட்டரி போட்டார்.

ரெண்டு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. மூணாவது வாரம் ஒரு குடும்பத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வருஷக்கணக்காக அப்பாவையே கூப்பிடுகிறவங்க. தரிசனம் முடித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு, ராஜபாளையம் திரும்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். பால்கோவா கடை வாசலில் வண்டி டக் என்றது, அதோடு சரி. அவங்க ஆட்டோ பிடித்துப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்ககிட்ட இருந்து அப்பாவுக்கு ஃபோனே வரலை.

மே மாசம் லீவுக்கு வந்தப்பதான் எனக்கு விஷயம் முழுசாப் புரிஞ்சது. அப்பா எங்கே போனாலும் இறக்கமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிறார், தள்ளி ஸ்டார்ட் பண்ண வசதியாக. இறக்கம் கிடைக்கலைன்னா இன்ஜினை ஆஃப் பண்ணுவதே இல்லை. டீ குடிக்கும்போதுகூட வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் விற்கிற விலையில்!

அதற்குள் ரெண்டு மெக்கானிக் பார்த்துவிட்டார்கள். கடைக்குக் கொண்டுபோனால் மட்டும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒருத்தர் செல்ஃபைக் கழற்றி பிரஷ் மாற்றினார். இன்னொருத்தர், "அண்ணாச்சி, வண்டில ஒண்ணும் இல்ல, சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். செல்ஃப் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். ஒரு காலத்தில் காருக்கு முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்பணும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக் காரில் வந்தது. வண்டி தானாகவே கிளம்பியதால் அது செல்ஃப் ஸ்டார்ட்டர். நம்ம ஊரில் அது சுருங்கி வெறும் செல்ஃப் ஆகிவிட்டது.

சரி, நான் என் மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பேட்டரி 12.6 வோல்ட், ஃபுல் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 14.2, ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணுது. பேட்டரி நெகட்டிவ்வில் ஒரு முனை, இன்ஜினில் ஒரு முனை வைத்தால் பீப் சத்தம் வருது, எர்த் வயரும் ஓகே. நிமிர்ந்து நின்று நானும் அதே டயலாக்கைச் சொன்னேன்: "ஒண்ணும் இல்லப்பா."

அப்பா எதுவும் பேசலை. உள்ளே போய் டிரிப் எழுதுகிற நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். போன இடம், கிலோமீட்டர், டீசல் கணக்கு. அங்கங்கே ஓரத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. செல்ஃப் எடுக்காத நாளெல்லாம் அப்படிக் குறித்து, பக்கத்தில் நேரமும் எழுதியிருந்தார். மொத்தம் ஒன்பது.

எனக்கு வெட்கமாக இருந்தது. லேபில் நாங்க எழுதுகிற அப்சர்வேஷன் நோட்டைவிட அது சுத்தமாக இருந்தது. ஒன்பதில் ஏழு ஸ்ரீவில்லிபுத்தூர், ரெண்டு சிவகாசி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு தடவைகூட இல்லை. எல்லாமே நல்லா ஓடி வந்து, பத்து இருபது நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது.

இன்ஜினை ஆஃப் பண்ணினதும் கூலன்ட் சுற்றுவது நிற்கும், காற்றும் வராது. இன்ஜின் சூடு பானட்டுக்குள்ளேயே தேங்கி, கொஞ்ச நேரத்துக்கு அங்கே இருக்கிற வயரெல்லாம் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர்தான். இன்ஜின் நல்லா சூடாகவும் அது போதும், பால்கோவா வாங்குகிற நேரம் அந்தச் சூடு தேங்கவும் போதும். மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர்ந்து வரிசையில் நிற்பதற்குள் ஆறிவிடும். நான் டெஸ்ட் பண்ணினதும் ஆறின வண்டியைத்தான்.

அப்பா ஃபோனில் சொன்ன 'லைட் நல்லா எரியுது' அப்போதான் ஞாபகம் வந்தது. பேட்டரி வீக் என்றால் சாவியைத் திருப்பும்போது லைட் மங்கும், டக்டக்டக் என்று வரிசையாகச் சத்தம் வரும். லைட் மங்காமல் ஒரே ஒரு டக் என்றால், கரன்ட் செல்ஃப் வரை போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோ தடை. பேட்டரியை மாற்றியிருக்கவே தேவையில்லை.

மறுநாள் மத்தியானம் ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோயில் பக்கம் நிறுத்தி, ஆஃப் பண்ணி, கால் மணி நேரம் காத்திருந்தோம். ஸ்டார்ட் ஆகிவிட்டது! வாழ்க்கையில் முதல் தடவையாக, கார் ஸ்டார்ட் ஆனதுக்காக வருத்தப்பட்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூணாவது நாள் டக்.

"அப்பா, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் போடுங்க. நான் சொல்லும்போது திருப்புங்க." மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். அந்த ரெண்டும் ஒரே எர்த்தில் இருக்கணும், வித்தியாசம் அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது. அப்பா சாவியைத் திருப்பினார். மீட்டர் 4 வோல்ட்டுக்கு மேலே காட்டியது.

ஜம்பர் கேபிளை எடுத்து நெகட்டிவ்வில் இருந்து நேராக இன்ஜினுக்குக் கொடுத்தேன். ஒரே திருப்பு. ஸ்டார்ட்.

பேட்டரி தட்டுக்குக் கீழே, கியர் பாக்ஸில் போல்ட் போட்டிருக்கிற எர்த் வயரின் முனையை வெட்டிப் பார்த்தால், ரப்பருக்குள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். மீட்டர் பீப் அடிக்க அனுப்புவது துளியூண்டு கரன்ட், அதுக்கு ஒரே ஒரு இழை போதும். செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேணும். V = IR போட்டுப் பாருங்க: 0.03 ஓம், 150 ஆம்பியர் என்றால் 4.5 வோல்ட் வழியிலேயே போச்சு. அந்த 0.03-ஐ என் மீட்டரால் பார்க்கவே முடியாது, அதோட ரெண்டு வயருக்கே அதைவிட அதிக ஓம். பத்தாவதில் மனப்பாடம் பண்ணின ஃபார்முலா, அதுவும் வண்டி மக்கர் பண்ணுகிற நேரத்தில் அளந்தால்தான் உதவும்.

விமானப் பராமரிப்பில் இந்த மாதிரிப் புகாருக்கு 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். டெஸ்ட்டில் பழுது தெரியலை என்றுதான் அதுக்கு அர்த்தம். பழுதே இல்லை என்று அர்த்தம் இல்லை. நான் அதை ஒருபடி மேலே போய், சொல்கிறவர் தப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ரெண்டு மாசமாக அப்பா சரியான தகவலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டரை நம்பின அளவு நான் அவரை நம்பலை.

புது எர்த் வயர் 280 ரூபாய். நோட்டில் அதையும் எழுதினார். அதுக்கப்புறம் பெருக்கல் குறி இல்லை. ஆனாலும் ஒரு மாசம் வரை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்தினார். அந்தக் குடும்பம் இன்னும் கூப்பிடலை.

போன வாரம் ஃபோனில் சொன்னார்: "இப்பல்லாம் பால்கோவா கடையில ஆஃப் பண்ணிட்டுத்தான்டா இறங்குறேன்."