137-வது தெருவில் இறங்குங்க!

ஃபர்ஸ்ட் இயரில் இங்கிலீஷ் காம்போசிஷன் பேப்பர் திரும்பி வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ‘மை ஸ்கூல் டேஸ்’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். திரும்பி வந்தபோது பேப்பரில் நீல இங்க்கைவிட சிவப்பு இங்க் அதிகம்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனின் நிலைமை இன்னும் மோசம். அவன் எழுதிய ஒரு வாக்கியத்தை லெக்சரர் எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். “ஐ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல் ஒன் மன்த் பிகாஸ் மை ஃபாதர் டை.” கிளாஸே சிரித்தது. நானும்தான். ‘டிட் நாட் வென்ட்’ எல்லார் காதிலும் விழுந்தது. அவனுடைய அப்பா செத்துப்போன விஷயம் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

அதற்கப்புறம் அவன் இங்கிலீஷில் மூன்று வரிக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை. மற்ற பேப்பரெல்லாம் பாஸ். இங்கிலீஷ் அரியர் மட்டும் கடைசி வரை கூடவே வந்தது.

இந்தப் பழைய கதை இப்ப எதுக்கு? போன வருஷம் நியூயார்க்கில் ஒரு காலேஜைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த நண்பனை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கணும்னு தோணுச்சு. அவன் வரவில்லை. நீங்க வாங்க!

பாதாளம், வானம், பாதாளம்

டைம்ஸ் சதுக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ‘1’ என்று போட்ட ரயிலில் வடக்குப் பக்கமாக ஏறுங்கள். 116-வது தெருவில் கொலம்பியா பல்கலைக்கழகம். அதுவரைக்கும் பாதாள ரயில்தான். அதைத் தாண்டியதும் சட்டென்று வெளிச்சம்! 125-வது தெருவில் ரயில் ஒரு உயரமான இரும்புப் பாலத்தின் மேல் போய் நிற்கும். கீழே கார்கள் எறும்பு மாதிரி தெரியும். ‘அட!’ என்பதற்குள் மறுபடியும் சுரங்கம். அடுத்த ஸ்டேஷன், ‘137-வது தெரு – சிட்டி காலேஜ்’. என் பெட்டியில் இருந்த டூரிஸ்ட்கள் எல்லாரும் அதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள்.

வெளியே வந்து கிழக்குப் பக்கம் ஏறுங்கள். நிஜமாகவே மேடுதான், மூச்சு வாங்கும். மேட்டின் உச்சியில் கான்வென்ட் அவென்யூ. அங்கே கறுத்த கல்லும் வெள்ளை ஓரமுமாக ஒரு பழைய கோட்டை நிற்கும். ஷெப்பர்ட் ஹால். அண்ணாந்து பார்த்தால் சுவரெங்கும் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி உருவங்கள். நம்ம ஊர் கோபுரத்து பொம்மைகள் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு சேட்டை! வெளியிலிருந்து பார்த்தாலே பொழுது போய்விடும்.

அந்தக் கறுப்புக் கல்லைப் பற்றி ஒரு மேட்டர். 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டினார்களே, அப்போது வெட்டி எடுத்த பாறையை வைத்துத்தான் இந்தக் காலேஜைக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் வந்த ரயிலுக்காகத் தோண்டிய கல்தான் இங்கே கோட்டையாக நிற்கிறது!

கதவு திறந்த கதை

1847-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசக் கல்லூரியாக ஆரம்பித்தது. குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஃபீஸ் கட்டாமல் படித்து மேலே வந்த இடம். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் இந்தக் காலேஜ்தான். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கோலின் பவல் இந்தக் காலேஜ்தான்.

ஆனால், ஒரு சிக்கல். காலேஜ் இருப்பது கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெமில். 1960-களில் உள்ளே படித்தவர்களிலோ அவர்கள் ரொம்பக் கொஞ்சம். 1969 ஏப்ரலில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் தெற்கு வளாகத்தைப் பிடித்து கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ‘எங்க தெரு பசங்களுக்கும் சீட் வேணும்!’ காலேஜ் இரண்டு வாரம் ஸ்தம்பித்தது. கடைசியில், நகரத்தில் ஹைஸ்கூல் முடித்த யாராக இருந்தாலும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு காலேஜில் இடம் உண்டு என்பதை 1970-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1975-க்கு வைத்திருந்த திட்டம், ஐந்து வருஷம் முன்னாடியே வந்தது. பல்கலைக்கழகம் முழுக்க முதலாண்டு மாணவர் எண்ணிக்கை சுமார் 20 ஆயிரத்திலிருந்து சுமார் 35 ஆயிரமானது, ஒரே வருஷத்தில்!

வந்தவர்களில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் உண்டு. சீனம் பேசுகிறவர்கள் உண்டு. இங்கிலீஷே பேசினாலும் புத்தக இங்கிலீஷைத் தொடாதவர்கள் உண்டு. எல்லாரையும் உட்கார வைத்து கட்டுரை எழுதச் சொன்னார்கள். படித்த பேராசிரியர்கள் பலருக்குத் தலை சுற்றியது. ‘இவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?’

மீனா இல்லை, மினா

அப்போது அங்கே எழுத்துப் பயிற்சித் திட்டத்தைக் கவனித்தவர் மினா ஷாக்னஸி. பேரைக் கேட்டால் நம்ம ஊர் மீனா மாதிரி இருக்கும். தெற்கு டகோட்டாவில் லீட் என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர். முதல் கட்டுரைக் கட்டு கைக்கு வந்தபோது எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாமல் அவரும் திகைத்து உட்கார்ந்தவர்தான். ஆனால், கட்டைத் தூக்கிப் போடவில்லை. 1970 முதல் 1974 வரை புது மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘இந்தப் பையன் ஏன் இப்படி எழுதினான்?’ என்று ஒவ்வொரு பிழையாகக் கேட்டார்.

அதில் கிடைத்ததுதான் 1977-ல் வந்த ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ புத்தகம். சாரம் இதுதான்: பிழை என்பது முட்டாள்தனம் இல்லை. ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. எழுதியவன் யோசித்துத்தான் எழுதியிருக்கிறான்.

இப்ப என் நண்பனின் வாக்கியத்துக்கு வருவோம். ‘போனது நேற்று என்றால் வென்ட் போடணும்’ என்று ஆறாம் கிளாஸிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் போட்டான். ‘டிட்’ வந்தபிறகு மறுபடி போடக்கூடாது என்பதுதான் மனதில் ஏறவில்லை. ரூலை மதித்ததால் வந்த தப்பு அது! ‘டைட்’ ஏன் ‘டை’ ஆனது? வேகமாகப் பேசும்போது அந்தக் கடைசி ‘ட்’ காதில் விழுவதில்லை. காதில் விழாததைக் கை எப்படி எழுதும்? நாம் எல்லாரும் எழுதும் ‘டிஸ்கஸ் அபௌட்’டுக்கு ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்ற தமிழ்தான் காரணம். ‘தி’ அடிக்கடி காணாமல் போகிறதா? தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது பாஸ்!

இதைவிட முக்கியமான ஒன்றையும் மினா கவனித்தார். எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து பயந்து எழுதுகிறவனுக்கு, எழுத்து என்பது இன்னொருத்தரிடம் பேசுகிற விஷயமாகவே இருக்காது. அது ஒரு பொறி. அதனால் கொஞ்சமாக எழுதுவான். கொஞ்சமாக எழுதுவதால் பழக்கமே வராது. மூன்று வரிக்கு மேல் எழுதாத என் நண்பன்!

உங்க லெக்சரர் எந்த டைப்?

1976-ல் வந்த ஒரு கட்டுரையில், இப்படிப்பட்ட மாணவர்களிடம் வரும் ஆசிரியர்கள் கடக்கும் நான்கு நிலைகளை மினா சொன்னார். நம்ம பாஷையில்...

1. வாட்ச்மேன்: ‘இதுங்கள்லாம் காலேஜுக்கு லாயக்கில்ல’ என்று கேட்டிலேயே நிற்பவர்.

2. ஊற்றுபவர்: பசங்க காலிக் குடம், கிராமரை ஊற்றினால் நிறைந்துவிடும் என்று நம்புபவர்.

3. ஆழம் பார்ப்பவர்: ‘ஏன் இந்தத் தப்பு வருது?’ என்று யோசிக்க ஆரம்பிப்பவர்.

4. குதிப்பவர்: பசங்களிடமிருந்தே கற்றுக்கொள்ள இறங்கிவிடுபவர்.

மினா குதித்தார். 1978-ல் புற்றுநோயில் இறந்தபோது வயது 54. அவர் சொன்னதே முடிந்த முடிவு என்றும் யாரும் விட்டுவிடவில்லை. அவரே 1975-ல் தொடங்கிய இதழில், ஷாங்காயில் வளர்ந்து இங்கிலீஷில் எழுத வந்த மின்-ஜான் லூ 1991-ல் ஒரு கேள்வி கேட்டார். பிழையை மட்டும் சரிசெய்தால் போதுமா, இரண்டு மொழிக்கு நடுவில் மாணவன் படும் பாட்டை யார் பேசுவது? நியாயமான கேள்விதான்.

கதவும் முழுசாகத் திறந்தே இருக்கவில்லை. நகரம் கடனில் தவித்த 1976-ல் இலவசப் படிப்பு முடிவுக்கு வந்தது. அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளில் நிறுத்துவது என்று 1998-ல் முடிவு செய்தார்கள். இருந்தாலும் நான் போன மத்தியானம், அந்த மேட்டில் ஸ்பானிஷும் வங்காளமும் பேசிக்கொண்டு பசங்க ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் நண்பனுக்கு போன் போட்டேன். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கல், சுரங்கம், மினா எல்லாம் சொல்லிவிட்டு, “அன்னிக்கு நானும் சிரிச்சிட்டேன்டா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “விடு மாப்ள... அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன். ஒரு வரியோட நிறுத்திட்டாங்க” என்றான்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

நியூயார்க் போக டிக்கெட் வேண்டாம். பழைய இங்கிலீஷ் பேப்பரைத் தூசி தட்டி எடுங்கள். சிவப்பு வட்டங்களை வகை வகையாகப் பிரித்து எண்ணுங்கள். ஐம்பது வட்டம் இருந்தாலும், திரும்பத் திரும்ப நாலைந்து வகைதான் வந்திருக்கும். பக்கத்தில் எழுதுங்கள்... ஏன் வந்தது? அடுத்த வாரம் கிளாஸில் யாருடைய வாக்கியத்தையாவது வாசித்து எல்லாரும் சிரித்தால், நீங்க சிரிக்காதீங்க. பெல் அடித்ததும் அவனிடம் போய், ‘மீதி என்ன எழுதியிருக்கே?’ன்னு கேளுங்க.