பஸ் போகாத ஊர்

மாலத்தீவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் பாளையங்கோட்டையில் எல்லாரும் என் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அம்மா புளி, பெருங்காயம், இட்லிப்பொடி என்று பெட்டியின் பாதியை அடைத்துவிட்டாள். வீண் கவலை. இந்தத் தீவில் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. காலையில் சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். மாஸ் ஹுனி என்று பேர். மாசிக் கருவாடு பழகிய நாக்குக்கு அது ஒன்றும் அந்நியமில்லை. அந்த மாசியே இங்கிருந்துதானே நம் பக்கம் வந்தது. பதிலுக்குத் தூத்துக்குடித் தோணிகள் காய்கறியையும் கட்டுமானச் சாமான்களையும் தலைநகர் மாலேக்குக் கொண்டுவந்து இறக்குகின்றன.

எனக்கு இல்லாமல் போனது பஸ்.

வேலைக்குப் போக பஸ் வேண்டாம். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் சொல்வது, சனிக்கிழமை காலையில் காரணமே இல்லாமல் ஏறி உட்காருகிற பஸ்ஸை. எங்கள் ஊரிலிருந்து தென்காசிக்குப் போகிற வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் போதும். சீதபற்பநல்லூர் தாண்டும் வரை வெறும் பொட்டல். ஆலங்குளம் நெருங்கும்போது மேற்கே மலை தெரியத் தொடங்கும். பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏறும், கண்டக்டருக்கும் மூட்டைக்காரருக்கும் லக்கேஜ் சண்டை நடக்கும். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். எதற்குப் போனாய் என்று கேட்டால் பதில் கிடையாது. தரை நீண்டுகொண்டே போவதைப் பார்க்கத்தான் போனேன் என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள்; அவற்றில் ஜனங்கள் ஊராக வாழ்பவை 200க்கும் குறைவு. நாட்டிலேயே உயரமான இயற்கைத் தரைகூடக் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். நான் இருப்பது வடக்கே, ஹா தாலு அட்டோல் என்கிற தீவுக்கூட்டத்தில். வெள்ளை மணல் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். விடியும்போதே பெண்கள் கூட்டி வைத்துவிடுவார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நடந்தாலும் முனையில் கடல் நிற்கிறது. பக்கத்துத் தீவுக்கு லாஞ்ச் உண்டு. அதில் போனால் நனைவோம், போய்ச் சேருவோம், அவ்வளவுதான். வழியில் ஊர் கிடையாது. நடுவில் கோழியோடு ஏறுகிற ஆள் கிடையாது.

கணக்கு சார் சாத்தான்குளத்துக்காரர். எனக்கு முன்னாலேயே வந்தவர். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து தெரு கலகலக்கும் நேரத்தில் தீவைச் சுற்றி நடக்கக் கிளம்பிவிடுவார். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டர் சொச்சம். அதை அவர் ஊர்க் கணக்கில்தான் சேர்த்து வைக்கிறார். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் ஸ்டாஃப் ரூமில் வந்து, “டீச்சர், நேத்தோட திருச்செந்தூர் போய்ச் சேந்தாச்சு. இனிமே கடற்கரை ரோட்டுல உவரி பாத்து நடக்கணும்” என்பார். முதலில் சிரித்தேன். பிறகு நானும் என் பங்குக்குப் பாளையங்கோட்டையிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். நாங்குநேரிக்கு முன்னாலேயே மழைக்காலம் வந்து கெடுத்துவிட்டது.

இங்கே இங்கிலீஷ் வழிப் படிப்பு 1960களின் தொடக்கத்தில் மாலேயில் தொடங்கியது. முதலில் இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். பிறகு கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகள் தாய்மொழியான திவேஹியை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். மணி அடித்ததும் என் வகுப்பில் இடமிருந்து வலமாக. அது ஒன்றும் அவர்களுக்குச் சிரமமாக இல்லை. சிரமம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மலை, ஆறு, பள்ளத்தாக்கு, ரயில். இந்த நாட்டில் நான்குமே கிடையாது.

ஏழாம் வகுப்பில் ஒரு பாடம், ஆற்றங்கரைக் கிராமம் பற்றியது. இருபுறமும் கரை போட்டு, நடுவில் தண்ணீர் வரைந்தேன். “மிஸ், இது இரண்டு தீவா?” என்றான் ஒருவன். இல்லை, ஒரே தரை. நடுவில் தண்ணீர் ஓடும் என்றேன். உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? நல்ல தண்ணீர். குடிக்கலாமா? அந்தக் காலத்தில் அப்படியே அள்ளிக் குடித்தார்கள். எங்கே போய் முடியும்? எங்கள் ஊர்த் தாமிரபரணி புன்னக்காயலில் கடலில் கலக்கும். வகுப்பே கொந்தளித்துவிட்டது. நல்ல தண்ணீரைக் கடலில் விடுகிறீர்களா? யாரும் தடுக்க மாட்டார்களா?

அவர்கள் கோபம் நியாயமானது. இங்கே மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மெல்லிய ஏடு போல மிதக்கிற மழைநீர்தான் நிலத்தடி நீர். 2004 சுனாமியில் பல தீவுகளின் கிணறுகள் உப்பாகிப்போயின. வீட்டுக்கு வீடு நிற்கிற மழைநீர்த் தொட்டிதான் குடிநீருக்குத் துணை. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தீப்பிடித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, தாமிரபரணியில் நாங்கள் என்னவெல்லாம் கொட்டுகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. குறுக்குத்துறையில் முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடித்துவிட்டு வடிவதைப் பற்றி மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஈரக் கல்மண்டபத்தின் வாடை அடித்தது. அன்றைக்குப் பாடம் பாதியில் நின்றது.

மே மாதம் பாதி தாண்டினால் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துக்கொள்ளும். அதை இவர்கள் ஹுளங்கு என்கிறார்கள். லாஞ்ச் நின்றுவிடும், மாலேயிலிருந்து வருகிற சரக்குப் படகு தாமதமாகும், கடையில் தக்காளி காணாமல் போகும். தகரக் கூரை இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். எனக்கு ஊர் நினைப்பு அதிகமாக வருவது அப்போதுதான். ஏனென்றால் அந்தக் காற்று நிற்கிற காற்றல்ல. இங்கே எங்களை நனைத்துவிட்டு வடகிழக்காக ஏறிப்போய் மலையில் மோதி, ஜூனில் குற்றாலத்தில் சாரலாக விழும். தெற்கே அதே காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும். போனில் அம்மா, “குத்தாலத்துல தண்ணி விழுதாம்ட்டி. சித்தி வீட்ல எல்லாரும் குளிச்சிட்டு வந்துட்டாங்க” என்பாள். எங்கள் கூரையைப் பிய்த்த காற்றுதான் அது என்று சொல்லுவேன். அவளுக்கு அது காதில் ஏறாது. “தலைய நல்லா துவட்டு” என்று முடித்துவிடுவாள்.

பயணம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் அநேகமாக எல்லாரும் படகில்தான் போவார்கள். ஒரு பெண் மட்டும் ரயிலில் போயிருந்தாள். பாட்டியின் சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போய்வந்தவள். மாலத்தீவில் பலருக்கும் அந்த ஊர் என்றால் ஆஸ்பத்திரிதான். அங்கே லாட்ஜ் ஜன்னலில் இருந்து ரயிலைப் பார்த்திருக்கிறாள், ஏறவில்லை. கட்டுரையில் ஏறிவிட்டாள். இலக்கணப் பிழை நிறைய. ஆனால் ஜன்னல் வழியே வீடுகள் ஓடுவதை எழுதியிருந்த இடத்தில் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. பாட்டிக்கு டிசம்பரில் மறுபடியும் செக்கப் இருக்கிறதாம். வகுப்பு முடிந்ததும் மேஜையருகே வந்தாள்.

“மிஸ், அங்கிருந்து உங்க ஊர் எவ்வளவு நேரம்?”

“ரயிலில் மூன்றரை மணி நேரம் ஆகும்.”

“மூன்றரை மணி நேரமும் தரையிலேயா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன்: நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி. இதில் எந்த ஊரில் டீ நன்றாக இருக்கும் என்று கேட்டாள். அவள் அப்பாவுக்குத் தெரிய வேண்டுமாம்.