சாய்வு

நிலவியல் மாணவனாகப் பெரம்பலூர்ப் பக்கம் காரையில் நடந்தபோது, பாறையின் பெயரை அல்ல, சாய்வைத்தான் முதலில் கேட்டார்கள். அடுக்கின் மேல் கிடைமட்டமாகப் போகும் கோடு ஸ்ட்ரைக். அதற்குச் செங்குத்தாக, ஊற்றிய நீர் வழியும் திசை டிப். காம்பஸும் கிளினோமீட்டரும் இவற்றை எண்ணாக்கும்.

நோட்டில் கண்டது இடப்பக்கம், ஊகித்தது வலப்பக்கம். களிமண்ணில் தோட்டா போலப் பெலம்னைட் கிடக்கிறது: இடப்பக்கம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது: வலப்பக்கம். கடலே ஆனாலும் வலப்பக்கம்தான். பின்னால் வருகிறவன் ஊகத்தைத் தள்ளிவிடலாம், அளவிலிருந்து தொடங்குவான்.

நம் விமர்சனத்தில் இடப்பக்கம் காலியாகவே இருக்கிறது. கவிதை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்குமுன்பே அதன் கடலைப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.