மருமகனின் எடையும் மாமனின் உபதேசமும்

பொத்தேரி விடுதியில் தங்கி முதலாமாண்டு பயிலும் அக்கா மகன், இரண்டே ஸ்டேஷன் கடந்து மறைமலை நகரில் என் வீட்டுக்கு வந்து, "பேன்ட் எல்லாம் டைட் ஆயிடுச்சு மாமா" என்று விசனப்பட்டான்.

முதலாண்டில் 15 பவுண்டு ஏறுமென்பது அமெரிக்க ஐதீகம். ஆயினும் 2015-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, சராசரி ஏற்றம் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவே என்றது.

எனினும் நம் தேகவாகுக்கு பி.எம்.ஐ. 23-ஐ எட்டினாலே அதிக எடையென்று வைத்தியர்கள் நிர்ணயித்திருப்பதால், ஜி.எஸ்.டி. சாலையின் நள்ளிரவுப் பரோட்டாவையும் சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களையும் குறைத்து, காலை உணவைத் தவறாது உண்டு, நித்தியம் அரைமணி நேரம் நடப்பதே உத்தமமென்று உபதேசித்தேன்.

என் தொந்தியையே பார்த்துட்டு இருந்தான், பய!

விடுதியில் பிள்ளைகளை விட்டிருப்போரே, நீங்கள் என்ன சொல்லி அனுப்புறீங்க?