குடத்தின் வாய்

மும்பையின் மத்திய இரயில் பாதையில், தாணேக்கும் கல்யாணுக்கும் இடையே அமைந்துள்ளது டோம்பிவிலி. விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு, இரவில் வீடு திரும்புவோர் நிறைந்த நகரம் அது. அங்கே ஓரறைக் குடியிருப்பொன்றில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், தந்தையைப் பெற்ற ஆச்சி என நால்வர். அவர்களோடு ஒரு பித்தளைக் குடமும் இருந்தது. ஆச்சியின் திருமணத்தின்போது தாய்வீட்டுச் சீராக வந்த குடம் அது.

குழாயும் பிளாஸ்டிக் வாளியும் வந்தபின் குடத்திற்கு வேலை இல்லாமற் போயிற்று. “வீட்டில் கால் நீட்டவே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை இதைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்” என்றார் தந்தை. ஆச்சி மறுமொழி கூறவில்லை. முந்தானையால் குடத்தின் கழுத்தைத் துடைத்தார்.

மகள் அவ்வாண்டு எலிமெண்டரி ஓவியத் தேர்வு எழுதவிருந்தாள். மகாராட்டிர மாநிலக் கலை இயக்ககம் பள்ளி மாணவர்க்கு நடத்தும் தேர்வு அது. எதிரே வைக்கப்படும் பொருள்களைப் பார்த்து வரைவது அதில் ஒரு தாள். குடம் போவதற்குள் அதனை வரைந்துவிட வேண்டும் என்று அவள் உறுதி கொண்டாள்.

முதல் படத்தில் குடத்தின் வாய் முழு வட்டமாகவும், அடி நேர்கோடாகவும் அமைந்தன. ஓவிய ஆசிரியை அதனைக் கண்டு, “வாய் வட்டம் என்று உனக்குத் தெரியும், அடி தரையில் படிந்திருக்கும் என்றும் தெரியும். தெரிந்ததை வரைந்துவிட்டாய். கண்டதை வரைந்து பார்” என்றார்.

பிறகு அவர் ஒரு டம்ளரை எடுத்து, அதன் விளிம்பு கண்மட்டத்திற்கு நேராக இருக்குமாறு பிடித்தார். வட்டமான விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. டம்ளரைச் சற்றே தாழ்த்தினார். கோடு விரிந்து மெல்லிய நீள்வட்டமாயிற்று. தாழ்த்தத் தாழ்த்த அது மேலும் அகன்றது. குனிந்து நேர்மேலிருந்து நோக்கியபோது முழு வட்டமாயிற்று. அடிப்பகுதி வாயைவிடக் கண்மட்டத்திற்குத் தாழ்வாக உள்ளது. ஆகவே, அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று மிகுந்தே தோன்றும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் எலுமிச்சம்பழ நுனிபோலக் கூர்மையாதல் கூடாது. அங்கும் கோடு வளைந்தே திரும்ப வேண்டும்.

சனிக்கிழமை மாலை சிறுமி குடத்தை முக்காலியின்மேல் வைத்தாள். “ஆச்சி, இதன் வாய் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?” என்று வினவினாள்.

“கோடு மாதிரி இருக்கிறது” என்றார், தரையில் அமர்ந்திருந்த ஆச்சி.

“இல்லை ஆச்சி, முட்டை மாதிரி இருக்கிறது” என்றாள், நின்றுகொண்டிருந்த பேத்தி.

“இங்கே வந்து உட்கார்ந்து பாரம்மா.”

சிறுமி அமர்ந்தாள், ஆச்சி எழுந்து நின்றார். இப்போது கோடு பேத்திக்கும் முட்டை ஆச்சிக்கும் தெரிந்தன. இருவரும் நகைத்தனர்.

ஆயினும் நீள்வட்டம் எளிதில் கைவரவில்லை. இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி, ஓவியக்கலை பற்றி 1435ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஒரு வழி கூறியுள்ளார். கட்டங்கள் நிறைந்த சதுரத்தினுள் வட்டம் ஒன்றை வரைய வேண்டும். பின்னர் அச்சதுரத்தைத் தரையில் கிடப்பதுபோலச் சுருக்கி வரைந்து, வட்டம் கட்டக் கோடுகளை வெட்டிய இடங்களில் புள்ளியிட வேண்டும். புள்ளிகளை இணைத்தால் நீள்வட்டம் கிடைக்கும். ஆசிரியை கற்பித்த அம்முறையைச் சிறுமி செய்து பார்த்தாள்.

“இது புள்ளிக் கோலம் அல்லவா!” என்றார் ஆச்சி. “ஊரில் வாசலில் போட்ட கோலத்தைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் படுத்துக்கிடக்கும். விரலை மட்டும் அசைக்காதே. தோளிலிருந்து கையை வீசு. கோடு நடுங்காது.”

சிறுமி காற்றில் இருமுறை கையை வீசிப் பழகி, பின் தாளில் இழுத்தாள். வாய் அமைந்தது.

மறுநாள் குடத்தை எடுக்கத் தந்தை வந்தார். “அப்பா, அடிப்பகுதி இன்னும் முடியவில்லை” என்றாள் மகள். அவர் தரையில், தம் அன்னையின் அருகே அமர்ந்து காத்திருந்தார். அவ்விடத்திலிருந்து குடத்தின் வாய் ஒரு கோடாகத் தெரிந்தது. நெடுநேரம் அதனையே நோக்கியிருந்தார்.

“சின்னப் பிள்ளையில் இங்கே உட்கார்ந்துதான் சோற்றுக்குக் காத்திருப்பாய்” என்றார் ஆச்சி.

அன்று குடம் கடைக்குப் போகவில்லை. கட்டிலை ஒரு சாண் நகர்த்தியபோது அதற்கு மூலையில் இடம் கிடைத்தது.

தேர்வில் சிறுமிக்குக் கிடைத்தது ‘பி’ தரம். அங்கு வைக்கப்பட்டிருந்த வாளியின் வாயைச் சற்று மிகுதியாக அகற்றிவிட்டாள். அதனை அவளே கண்டறிந்தாள். வீடு திரும்பியதும் குடத்தின் முன் அமர்ந்து மீண்டும் வரையத் தொடங்கினாள்.

ஒரு பொருளை வரையத் தொடங்குமுன் நாம் எங்கே இருந்து பார்க்கிறோம் என்பதை அறிதல் வேண்டும். அடுத்தவர் வேறுவிதமாகக் கண்டால், ஒருமுறை அவர் இடத்தில் அமர்ந்தும் பார்த்தல் நன்று.