அம்மாவின் பெயரில் காணாமல் போன ‘ஐ’

லண்டனில் என்ன வேலை என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், “கம்ப்யூட்டரில்” என்று சொல்லித் தப்பிவிடுவேன். உங்களுக்கு மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இணையத்தளங்களைச் சோதிக்கும் நிரல்களை எழுதுகிறேன். அந்த நிரல் ஒரு மனிதரைப் போலவே பிரவுசரைத் திறக்கும், பெட்டிகளில் எழுத்தை அடிக்கும், பொத்தானை அழுத்தும். நினைத்தபடி நடந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இரவில் நாங்கள் தூங்கும்போது நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடி முடிந்துவிடும்.

என் கருவியின் பெயர் செலினியம். 2004இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், தன் அலுவலகத்தில் வேலை நேரத்தையும் செலவையும் பதியும் செயலியைச் சோதிக்க இதை உருவாக்கினார். பெயரில் ஒரு பகிடியும் இருக்கிறது. அப்போது இந்தத் துறையில் பெரிய நிறுவனத்தின் பெயர் மெர்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்கு மருந்து செலினியம் என்று அவர் பகிடியாகச் சொன்னார்! பின்னர் இதோடு இணைந்த வெப்டிரைவர் முறையை டபிள்யூ3சி அமைப்பு 2018இல் ஒரு பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரே சோதனையை குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் ஓட்டலாம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

நான் சோதித்த ஒரு பதிவுப் படிவத்தை ஹரோவில் இருக்கும் அம்மா ஒருநாள் நிரப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்கட கம்ப்யூட்டர் என்ட அப்பாவின்ட பேரை வெட்டிப்போட்டுது.”

பாஸ்போர்ட்டில் அம்மாவின் குடும்பப் பெயர், அவருடைய அப்பாவின் பெயர்தான். ‘பிள்ளை’ என்று முடியும் அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் 21 எழுத்து. எங்கள் பெட்டி 20 எழுத்துக்கு மேல் வாங்காது. பிழை என்றும் சொல்லாது, மிச்சத்தைப் பேசாமல் விட்டுவிடும். கடைசி ‘ஐ’ விழுந்துவிட்டது. அதனால் பாஸ்போர்ட்டோடு பெயர் பொருந்தவில்லை.

அன்று காலையும் எல்லாச் சோதனையும் பச்சை. ஏனென்று திறந்து பார்த்தேன். நான் சோதனைக்குக் கொடுத்திருந்த பெயர் ஜோன் ஸ்மித்.

வேறு யாரும் எழுதியதில்லை, நானே எழுதியது. நேர்முகத் தேர்வுகளில் என் பெயரையே சுருக்கிச் சொல்லிப் பழகியவன் நான். நிரலிலும் அதே பழக்கம் வந்திருக்கிறது.

அன்று பின்னேரமே புதிய சோதனை ஒன்று எழுதினேன். அம்மப்பாவின் முழுப் பெயரையும் அடி, பெட்டியில் இருப்பதைத் திரும்ப வாசி, இரண்டும் ஒன்றா என்று பார். சிவப்பு வந்தது. பெட்டியை நீட்டினோம், பச்சையானது. பிறகு ஒரே ஒரு எழுத்து இனிஷியல், ஓ’பிரையன் போன்ற ஐரிஷ் பெயர், குடும்பப் பெயரே இல்லாதவர் என்று சேர்த்துக்கொண்டே போனேன். தமிழில் ‘கோ’ என்று தொடங்கும் பெயரையும் போட்டேன். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சரிப்படுத்தாவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

சோதனை பச்சை என்றால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. எழுதியவருக்கு ஞாபகம் வந்த பிழைகள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெயர்கள் எங்களுக்கே ஞாபகம் வராவிட்டால், பக்கத்து மேசையில் இருப்பவருக்கு எப்படி வரும்?

பள்ளியில் கோடிங் படிக்கிறீர்களா? அடுத்த முறை சோதனைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டால், உங்கள் வீட்டில் ஆகப் பெரிய பெயர் யாருடையது என்று அம்மாவிடம் கேளுங்கள். அதைச் சுருக்காமல் அடியுங்கள்.

அம்மப்பா கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, லண்டனுக்கு வந்ததுமில்லை. ஆனால் அவருடைய பெயர் இப்போது ஒவ்வொரு இரவும் 21 எழுத்தோடும் எங்கள் படிவத்துக்குள் போய்வருகிறது.